பழி சுமந்த பின் டயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன், ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில், புதுச்சேரியிலிருந்து வடக்கே போகிற கடற்கரைச் சாலையில் நடந்த சம்பவம் இது. அன்று நானும் என் தங்கை கணவரும் மயிரிழையில் உயிர் தப்பினோம். ஆனால் மறக்க முடியாமல் மனதில் தங்கியது அது அல்ல, அதற்கப்புறம் நடந்ததுதான்.

தங்கை கணவர் கல்லூரியில் கணக்கு வாத்தியார். நான் அரசு அலுவலகத்தில் குமாஸ்தா. இருவருக்கும் வீடு லாஸ்பேட்டையில், அடுத்தடுத்த தெரு. அவருக்கு வேறு எந்தக் கெட்ட பழக்கமும் கிடையாது, கார் பைத்தியம் ஒன்றைத் தவிர. ரொம்ப நாள் ஆசைப்பட்டு, யாரோ ஓட்டிச் சலித்த ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கிக்கொண்டு வந்து நிறுத்தினார். தரையோடு தரையாக இருக்கும். இரண்டே சீட். இப்போது ஊரில் ஓடுகிற கார்களில் பெரும்பாலானவற்றை முன்சக்கரங்கள் இழுத்துக்கொண்டு போகும். இதில் எஞ்சினின் சக்தியெல்லாம் பின்சக்கரங்களுக்குப் போய், அவைதான் வண்டியைத் தள்ளும். முன்சக்கரங்களுக்குத் திரும்புகிற வேலை மட்டும்தான்.

என் தங்கைக்கு அந்தக் கார் கண்ணில் பட்டாலே ஆகாது. அவள் கதிர்காமத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ், அதுவும் விபத்து கேஸ்கள் வருகிற பிரிவில். "நாலு பேரு இருக்கிற குடும்பத்துக்கு ரெண்டு சீட்டு வண்டியா? மிச்ச ரெண்டு பேரு என்னா, பின்னாடியே ஓடியாறதா?" என்று கேட்டாள். அது வெளியில் சொன்ன காரணம். தினம் தினம் ஸ்ட்ரெச்சரில் எதையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறாள் என்பது எங்களுக்கும் தெரியும்.

காரில் இருந்த டயர்கள் பழசாகி, பக்கமெல்லாம் வெடிப்பு விட்டிருந்தன. நான்கையும் மாற்றியே ஆக வேண்டும். எந்த அகலத்தில் போடுவது என்பதில் எனக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம். நான்கும் ஒரே அளவாக, 225 மில்லிமீட்டரில் போட வேண்டும் என்பது அவர் கட்சி. "அப்பதான் தேய்றப்ப முன்ன பின்ன மாத்திப் போட்டுக்கலாம் மச்சான். அதுவுமில்லாம அகல டயரு மழைல தண்ணி மேல மெதக்கும்" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பின்சக்கரம் தள்ளுகிற வண்டிக்குப் பின்னால்தான் பிடிப்பு வேண்டும், பின்னால் 245 போடுங்கள் என்றேன். கார் ஓட்டுவதில் எனக்குப் பெரிய அனுபவம் ஒன்றும் கிடையாது. அதைப் பற்றி இணையத்தில் விடிய விடியப் படிப்பதில் நிறைய உண்டு.

கடைசியில் என் பேச்சுதான் எடுபட்டது. காரணம் என் அறிவு அல்ல. பெண்டாட்டியின் அண்ணன் இவ்வளவு சொல்கிறாரே, தட்டக் கூடாது என்ற மரியாதை. முன்னால் 225, பின்னால் 245 போட்டோம். அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா, உள்பக்கம் எவ்வளவு சாய்கின்றன என்று கம்ப்யூட்டரில் அளந்து சரிசெய்வார்கள். இந்த மாதிரி வண்டிக்குப் பின்சக்கரங்களின் முன்பக்கம் இம்மியளவு உள்நோக்கி இருக்க வேண்டும். வெளிநோக்கித் திரும்பியிருந்தால் வண்டியின் வால் ஒரு இடத்தில் நிற்காது. அதையும் நானே பக்கத்தில் நின்று பார்த்தேன்.

அந்த வாரமே ஆயுத பூஜை வந்தது. அன்றைக்குத்தான் அதிசயம். தங்கை தானாகவே இறங்கி வந்து காரைக் கழுவ ஆரம்பித்தாள். "வூட்டுக்கு வந்துடுச்சி, இனிமே அதுவும் நம்ம வண்டிதான்" என்றாள். மாப்பிள்ளை முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அவள் சொன்னபடியெல்லாம் காரை முன்னே தள்ளிக் கொடுத்தார், பின்னே தள்ளிக் கொடுத்தார். பிறகு அவள் எங்களை விரட்டிவிட்டுத் தனியாக வேலை செய்தாள்; நடுவில் இரண்டு மூன்று தடவை மட்டும் மாப்பிள்ளையைக் கூப்பிட்டு, முன்னால் நின்று காரைக் கொஞ்சம் தள்ளச் சொன்னாள். மாலையில் போய்ப் பார்த்தால் கார் சந்தனம், குங்குமம், மாலையோடு கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. டயர்கள் கறுகறுவென்று மின்னின. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, பூஜையை முடித்தோம்.

மறுநாள் காலை நானும் மாப்பிள்ளையும் ஒரு சுற்று போய் வரலாம் என்று கிளம்பினோம். லேசான தூறல். ஊருக்குள் நெரிசலில் ஊர்ந்து போனதால் ஒன்றும் தெரியவில்லை. கடற்கரைச் சாலைக்கு வந்ததும் கொஞ்சம் வேகம் கூட்டினார். கொஞ்சம்தான். ஒரு பஸ் எங்களைத் தாண்டிக்கொண்டு போயிற்று என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைச்சாவடியை நெருங்கும்போது, சாலை வலது பக்கம் வளைகிற ஒரு இடத்தில், காரின் வால் இடது பக்கம் நழுவியது. அவர் ஸ்டியரிங்கைத் திருப்பிப் பார்த்தார். கேட்கவில்லை. கார் ஒரு சுற்று சுற்றி, சாலையை விட்டு இறங்கி, நாங்கள் வந்த திசையைப் பார்த்தபடி மணலில் நின்றது. எதிரே வண்டி எதுவும் வராதது யார் செய்த புண்ணியமோ.

நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, நீலத் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு அம்மாள் மீன் விற்றுக்கொண்டிருந்தார். கூடை எங்கள் கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. கையில் கத்தியோடு எழுந்து வந்தார்.

"யோவ், கண்ண எங்க வெச்சிகினு ஓட்ற? மாலயும் சந்தனமுமா வந்து மனுசாள சாவடிக்கப் பாத்தியே!"

எங்கள் முகத்தைப் பார்த்ததும் அவர் குரல் இறங்கிவிட்டது. "சரி, மொதல்ல எறங்குங்க. தண்ணி குடிங்க" என்று தன் பாட்டிலை நீட்டினார். மீன் வாடை அடித்த அந்தத் தண்ணீர் மாதிரி ஒரு தண்ணீரை நான் குடித்ததில்லை. மாப்பிள்ளையின் கைகள் மட்டும் ஸ்டியரிங்கை விட்டு வரவேயில்லை. ரொம்ப நேரம் கழித்து, "பின் டயரு மச்சான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. காரை மெதுவாக உருட்டிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

மாலை அறுந்து தொங்குவதைப் பார்த்ததுமே தங்கைக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலில் நர்ஸாகத்தான் வந்தாள். புருஷனின் கழுத்தை அமுக்கிப் பார்த்தாள், கண் இமையை விலக்கிப் பார்த்தாள், பிறகு எனக்கும் அதே. இருவருக்கும் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் அவள் கண் கலங்கியது.

"டயரக்கூட வுடாம மினுக்கி, ஆச ஆசையா அனுப்பி வெச்சேனே. எதனாலங்க வழுக்கிச்சி?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"எதனாலன்னு கண்டுபுடிங்க. கண்டுபுடிச்சி சரி பண்ணா வண்டி இருக்கட்டும். இல்லன்னா வித்துடுங்க. நாளைக்கு ஸ்ட்ரெச்சர்ல உங்க மூஞ்சப் பாக்க என்னால ஆவாது" என்றாள். அதில் ஒரு வார்த்தை கூடத் தப்பு சொல்ல முடியாது.

அடுத்த நாள் காரை மறுபடி அலைன்மென்ட் கடைக்கு மெதுவாக ஓட்டிக்கொண்டு போனோம். அகலம் அதிகமாகி, தூறலில் மிதந்துவிட்டதா? பின்சக்கரத்தின் கோணம் மாறிவிட்டதா? புது டயர் கொஞ்சம் ஓடித் தேய்கிற வரைக்கும் வழுக்கும் என்று படித்திருந்தேனே, அதுவா? இந்த முறை ஆள் பாரத்தோடு அளந்து பார்க்கட்டும் என்று மாப்பிள்ளையை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார்கள். திரையில் எல்லா எண்களும் பச்சையில் வந்தன. காற்றும் சரியாக இருந்தது. கடைக்காரர், "ஒண்ணும் மாறல சார்" என்று சொல்லிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார். காரணம் கிடைக்கவில்லை என்றால் கார் போய்விடும். பழி எனக்கு நிரந்தரமாகிவிடும்.

கார் லிப்டில் உயரே நின்றது. மாப்பிள்ளை பின் டயருக்குக் கீழே போய், அதன் பள்ளங்களில் விரலை விட்டு நோண்டிக்கொண்டிருந்தார். கல் ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். விரலை வெளியே எடுத்தார். கறுப்பாக, பிசுபிசுவென்று இருந்தது. முகர்ந்து பார்த்தார். இன்னொரு தடவை முகர்ந்தார். அப்புறம் என்னிடம் நீட்டினார்.

"மோந்து பாரு மச்சான்."

கறிவேப்பிலையும் வெந்தயமும் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெய். கடையில் கிடைக்காது. என் தங்கை வீட்டில் காய்ச்சித் தலைக்குத் தேய்த்துக்கொள்வது. எனக்கே அந்த வாசனை தெரியும் என்றால் அவருக்குத் தெரியாதா?

விஷயம் ஒவ்வொன்றாகப் புரிந்தது. டயருக்குப் பளபளப்பு கொடுக்க ஒரு பாட்டில் பாலிஷ் வாங்கி வைத்திருந்தாள். பொதுவாக டயரின் பக்கவாட்டில் மட்டும்தான் அதைத் தடவுவார்கள். ஆனால் இந்தக் காரின் பின்னால் நின்று பார்த்தால் அகலமான அந்த டயர்களின் முதுகு முழுவதும் கண்ணுக்குத் தெரியும். அது வெளுத்துப்போய்த் தெரிவது அவளுக்குப் பிடிக்கவில்லை. தரையில் உருளுகிற பகுதிக்கும் தடவிவிட்டாள். பாட்டில் காலியானதும் தன் எண்ணெயைக் கொண்டு வந்து முடித்திருக்கிறாள். காரைத் தள்ளித் தள்ளிக் கொடுத்து, ஒரு இடம் விடாமல் தடவ உதவியது மாப்பிள்ளைதான். முன் டயர்கள் மறைந்திருந்ததால் அவை தப்பித்தன.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு. நிம்மதி என்றும் சொல்லலாம். "வாங்க மாப்ள, உடனே போயி சொல்லிடலாம். வண்டியும் தப்பிச்சுது, நானும் தப்பிச்சேன்" என்றேன்.

அவர் கையைத் துணியில் துடைத்தபடியே, "சொல்ல வேணாம் மச்சான்" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்ப என் பேரு கெட்டா பரவால்லியா?" என்று கேட்டேன்.

"அவ பாக்குற வேல அப்பிடி. ஒவ்வொரு ஆக்சிடென்ட் கேசு வர்றப்பவும், நாமளும் நம்மாளுங்கள இப்பிடித்தான் ஆக்கப் பாத்தோம்னு நெனச்சிப்பா. அப்பறம் தூங்கவே மாட்டா. நீ ரெண்டு திட்டு வாங்கனா, வாங்கிட்டுப் போய்த் தூங்கிடுவ."

என் கோபம் அடங்கிவிட்டது. எனக்கு அவர்மேல் பொறாமையாகக்கூட இருந்தது. கூடப் பிறந்த எனக்குத் தோன்றாதது அவருக்குத் தோன்றிவிட்டதே.

அன்று மாலை தங்கையிடம் நானே போய்ச் சொன்னேன். பின் டயர் அகலம் அதிகம், மழைக்கு ஆகவில்லை, தேர்ந்தெடுத்தது நான்தான் என்றேன். வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஒனக்கு என்னாணா தெரியும்? நீ ஸ்கூட்டர் ஓட்றவன்" என்பதில் ஆரம்பித்து எங்கெங்கோ போனாள். சொன்ன பொய் நிற்க வேண்டுமே என்று, ஒரு குற்றமும் செய்யாத அந்த அகல டயர்களைக் கழற்றிவிட்டு, பின்னாலும் 225 போட்டு, மறுபடி அலைன்மென்ட் பார்த்தோம். கழற்றியவை என் வீட்டு மாடியில் கிடக்கின்றன. மழையில் இந்த அளவுதான் நன்றாகப் போகிறது என்கிறார் மாப்பிள்ளை. இருக்கலாம். நான் அதைப் பற்றிப் படிப்பதை நிறுத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் டயர் என்ற பேச்சு எடுத்தாலே, "எங்கண்ணனக் கேட்டு வாங்குங்க, ஒரு சுத்து சுத்திட்டு வரலாம்" என்பாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் அவள் டயர்களை மினுக்குவாள். மறுநாள் விடியற்காலையில் மாப்பிள்ளை ஓசைப்படாமல் எழுந்து, பாத்திரம் தேய்க்கிற சோப்பைப் போட்டு டயரைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். அதுவும் எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன ஆயுத பூஜை அன்று நான் சீக்கிரமே அங்கே போய்விட்டேன். மாப்பிள்ளை மாலை வாங்க வெளியே போயிருந்தார். தங்கை காருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து டயரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பாலிஷைத் துணியில் தொட்டுத் தொட்டு, பக்கவாட்டில் மட்டும் தடவினாள். ஓரத்தில் வழிந்ததைக்கூட வேறு துணியால் ஒற்றி எடுத்தாள்.

"மேல தடவலியா? வெளுத்துத் தெரியுதே" என்றேன், ஒன்றும் தெரியாதவன் மாதிரி.

அவள் நிமிரவில்லை. "உருள்ற எடத்துல எண்ண படக் கூடாதுணா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "சோப்பு ஏன் சீக்கிரம் தீந்து போவுதுன்னு ஒருநாள் எழுந்திருச்சி பாத்தேன். அவருகிட்ட சொல்லிடாத. தெரிஞ்சா மனசு கஷ்டப்படுவாரு" என்றாள். எலுமிச்சம்பழத்தை எடுத்து வரும் சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அன்று இரவு சாப்பிடும்போது அவள் வழக்கம்போல அகல டயரை இழுத்து என்னைக் கிண்டல் செய்தாள். மாப்பிள்ளை என்னைப் பாவமாகப் பார்த்தார். மறுநாள் விடியற்காலையில் வழக்கம்போலச் சோப்போடு எழுந்திருப்பார். யார் பெயரையும் நான் இங்கே எழுதாததற்குக் காரணம் இப்போது புரிந்திருக்கும். டயர் வாங்கத் தெரியாதவன் என்ற பெயர் எனக்கு இருந்துவிட்டுப் போகட்டும். அந்த இரண்டு பேருக்கும் நடுவில் அந்தப் பெயரோடு உட்கார்ந்து சாப்பிடுவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.