க்ளெனின் துவக்குக்கு ரவை தேர்ந்த கதை

இந்த ஆஸ்திரேலியாவில் துப்பாக்கி ரவையைக் கடையில் விற்கிறார்கள். தூண்டிலும் கூடாரமும் மழைச்சட்டையும் தொங்கும் கடையின் உட்பக்கத்தில், பூட்டிய கண்ணாடிக்குப் பின்னால், பிஸ்கற் பெட்டிகள் மாதிரி நிறம்நிறமாக அடுக்கியிருக்கும். வாங்க வருபவர் லைசென்சைக் காட்டுவார், மழை வருமா வராதா என்று கடைக்காரரோடு நாலு கதை கதைப்பார், பெட்டியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விடுவார். நான் அந்தக் கடைக்கு மழைச்சட்டை வாங்கப் போய், அந்தப் பெட்டிகளைக் கண்டு வாங்காமலே திரும்பி வந்தவன்.

அப்படிப்பட்ட என்னிடம்தான், ட்ருகனினாவில் நான் வேலைசெய்கிற, இரும்பு கடையும் லேத் பட்டறையின் முதலாளி க்ளென், ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு மேசையில் மூன்று ரவைகளை வரிசையாக நிறுத்திவைத்து, "இதில் எது உனக்குப் பிடிக்குது, மேட்?" என்று கேட்டார். தக்காளி சோஸ் போத்தலுக்குப் பக்கத்தில் அவை பளபளவென்று நின்றன. நான் சோற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிட்டேன். க்ளென் வயிறு குலுங்கச் சிரித்தார். "இரு, இரு. உள்ளே வெடிமருந்து இல்லை. வெறும் பொம்மை."

மருந்தில்லாத அந்த மாதிரி ரவைகளை, அவருக்குத் துவக்குச் செய்து கொடுக்கப்போகிறவர் பார்க்கும்படி கொடுத்திருந்தார். க்ளென் மான் வேட்டைக்கும் போவார், ஞாயிற்றுக்கிழமைகளில் இலக்குச் சுடும் போட்டிக்கும் போவார். இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே துவக்கு, தன் தோளுக்கும் கைக்கும் அளவெடுத்து, சட்டை தைப்பிப்பதுபோலச் செய்விக்க நினைத்தார். ஆனால் முதலில் ரவையைத் தீர்மானிக்க வேண்டும். குழலில் ரவை போய் உட்காருகிற அடிப்பக்கத்தை அந்த ரவையின் உருவத்துக்குத்தான் கடைவார்கள். கடைந்த பிறகு மனம் மாறினால் குழலையே மாற்ற வேண்டியதுதான். முந்நூற்றெட்டு என்று ஒன்று: எந்தக் கடையிலும் கிடைக்கும், போட்டிக்காரர் பலரும் அதைத்தான் வைத்திருக்கிறார்கள், ஆனால் க்ளெனின் பழுதான தோளில் உதைக்கும். இருநூற்றெழுபது என்று இன்னொன்று: தூரத்து மானுக்கு நல்லது, போட்டிக்கு அவ்வளவு சரிவராது. மூன்றாவது ஏழு மில்லிமீற்றர்: உதை குறைவு, காற்றுக்கும் அதிகம் விலகாது. அதைவிட மெல்லிய ரவைகளும் இருக்கின்றனவாம். சாம்பர் மான் சுட இந்த மாநிலச் சட்டம் அவற்றை விடாதாம். மிருகம் காயப்பட்டு ஓடி, காட்டுக்குள் கிடந்து வேதனைப்படக் கூடாதென்பதற்காகச் சட்டம்! நான் சோற்றுப் பெட்டியை மூடிவிட்டேன்.

"உங்கள் ஊரில் நீங்கள் என்ன பாவித்தீர்கள்?" என்று கேட்டார்.

"நாங்கள் ஒன்றும் பாவிக்கவில்லை."

"நல்லதாய்ப் போச்சு. அப்போ கெட்ட பழக்கம் ஒன்றும் இருக்காது. சனிக்கிழமை என் மச்சானின் பண்ணைக்கு வா. இரவல் வாங்கி மூன்றையும் சுட்டுப் பார்க்கப்போகிறேன்."

நான் அகதியாகப் படகில் வந்தவன். தடுப்பு முகாமிலிருந்து விட்டார்கள், இடைக்கால விசாவில் வேலை செய்ய அனுமதி தந்தார்கள், ஆனால் பாதுகாப்புச் சோதனை முடியவில்லை. முடிவு ஒரு கிழமையிலும் வரலாம், வராமலும் போகலாம். என் பெயரும் 'துவக்கு' என்ற சொல்லும் ஒரே வசனத்தில் வரக் கூடாது என்பதுதான் என் ஒரே கவனம். டண்டினோங்கில் என்னோடு அறையில் இருக்கும் சிவம் அண்ணை பண்ணைக் கதையைக் கேட்டதும் கத்தினார். "உனக்கென்ன விசரே? அவன் வெள்ளை. அவன் துவக்கோடை நிண்டால் பொழுதுபோக்கு. நீ பக்கத்திலை நிண்டால் அது வேறை கதை. வயித்துக் குத்தெண்டு சொல்லிப்போட்டுப் படு."

சொல்ல முடியவில்லை. இந்த நாட்டில் என்னை ஒருவர் எங்காவது வரச்சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அதோடு, வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்கிற பழக்கம் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இருந்ததில்லை.

பண்ணை பரந்து காய்ந்து கிடந்தது. தூரத்தில் செம்மறிகள், நடுவில் மாட்டுக்குத் தண்ணீர் தேக்கிய ஒரு குளம். நான் துவக்கைத் தொடமாட்டேன் என்று முதலே சொல்லியிருந்தேன்; க்ளென் "நோ வொரிஸ்" என்றார். அவர் புல்லில் குப்புறப் படுத்துச் சுட்டார். ஒவ்வொரு வெடிக்கும் செம்மறிகள் ஒருமுறை தலைதூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேய்ந்தன. நான் காதடைப்பானைப் போட்டுக்கொண்டு பின்னால் நின்று வெடிகளை எண்ணினேன். முந்நூற்றெட்டின் ஈயம், தடிப்பில், ஊரில் நான் சத்தம் கேட்டு வளர்ந்த ரவையோடு கிட்டத்தட்ட ஒன்று. சுட்டு முடிய, துளைகளைப் பார்க்க க்ளென் புல்வெளியின் அந்தத் தொங்கலில் இருந்த இலக்கு மட்டையை நோக்கி நடந்து போனார். புல்லில் சுட்ட ரவைகளின் வெற்றுப் பித்தளைக் கோதுகள் மினுங்கிக்கொண்டு கிடந்தன.

என் கைகள் யாரையும் கேட்கவில்லை. புல்லைத் தடவித் தடவி ஒன்று விடாமல் பொறுக்கினேன். அள்ளிக்கொண்டு ஓடிப்போய்க் குளத்தின் நடுவில் எறிந்தேன். திரும்பி வந்து, படுத்திருந்த இடத்துப் புல்லைக் காலால் நிமிர்த்தியும் விட்டேன்.

நான் சின்னவனாக இருந்தபோது, யாழ்ப்பாணத்தில் எங்கள் ஒழுங்கையில் ஒரு பொழுதுபடுகிற நேரம் ஆமியின் ரோந்தை இயக்கப் பெடியள் அடித்தார்கள். இரண்டு பக்கமும் சுட்டுக்கொண்டார்கள். விடிந்தால் சுற்றிவளைப்பு வரும், வீடு வீடாகச் சோதிப்பார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். வெளிச்சம் வந்ததும் அப்பா வளவு முழுக்கக் குனிந்து கோது பொறுக்கினார். அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒரு கோதின் அடியை என் முகத்துக்கு நேரே பிடித்து, "தம்பி, இதிலை என்ன எழுதிக் கிடக்கு? ஆமியின்ரையோ, பெடியளின்ரையோ?" என்று கேட்டார். நான் நம்பர்களை வாசித்தேன். அதை வைத்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "சரி விடு," என்றார் அப்பா. "ஆரின்ரையெண்டாலும், எங்கடை வளவுக்கை கிடந்தால் எங்கடைதான். பொறுக்கு." எல்லாவற்றையும் மலக்குழிக்குள் போட்டோம். பக்கத்து வளவில் வாழையடியில் ஒன்றே ஒன்று தப்பிக் கிடந்தது. அதைக் கண்டெடுத்த ஆமிக்காரர் அந்த வீட்டு ரூபனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். அவனுடைய அம்மா இன்னும் ஆமி முகாம் முகாமாக அவனுடைய படத்தைக் காட்டிக்கொண்டு திரிகிறா.

க்ளென் திரும்பி வந்து, "பித்தளை எங்கே?" என்று கேட்டார்.

நான் குளத்தைக் காட்டினேன்.

அவருக்கு விளங்கச் சிறிது நேரம் எடுத்தது. ஒருமுறை சுட்ட கோது அந்தத் துவக்கின் அறைக்கு அளவாக விரிந்துவிடுமாம். அதைக் கழுவி, மருந்து நிரப்பித் திரும்பத் திரும்பச் சுடுவார்களாம். அதிலும் இவை இரவல் கோதுகள். "ஏன்?" என்று கேட்டார். "எவிடென்ஸ்," என்றேன். வேறு சொல் வரவில்லை. "எதற்கு எவிடென்ஸ்? நாங்கள் மட்டையைத்தானே சுட்டோம்?" சிரிக்கத் தொடங்கியவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். சப்பாத்தைக் கழற்றிக் குளத்துக்குள் இறங்கி, சேற்றைக் காலால் துழாவினார். நானும் இறங்கினேன். முதலாளியும் வேலையாளும் முழங்காலளவு தண்ணீரில் மீன் தேடுகிறவர்கள் மாதிரி நின்றோம். சிலதுதான் அகப்பட்டது.

திரும்பி வரும்போது வாகனத்தில் ரூபனைப் பற்றிச் சொன்னேன். க்ளென் றேடியோவை நிறுத்தினார். பிறகு அதைப் போடவே இல்லை.

அவர் ஏழு மில்லிமீற்றரைத்தான் தேர்ந்தார். மாதங்கள் கழித்துத் துவக்கு வந்தது. ஒரு திங்கட்கிழமை காலை என் மெசின் மேலே ஒரு கோது நின்றது. புதுக் குழலில் சுட்ட முதல் கோது. அவரே பட்டறையில் மினுக்கியிருந்தார். "இது உனக்கு," என்றார். "இதை நீ ஒளிக்கத் தேவையில்லை, மேட். இது ஆஸ்திரேலியா." அவருடைய கண் கலங்கியிருந்தது. நான் நன்றி சொன்னேன்.

சிவம் அண்ணை அதைக் கண்டதும் கதவைச் சாத்தினார். "இதை வீட்டுக்கை கொண்டு வந்தனியோ? சோதனைக்கு வந்தால் என்னெண்டு சொல்லுவாய்? முதலாளி பரிசு தந்தவர் எண்டோ? எனக்கும் விசாக் கேஸ் கிடக்கடா."

"வெறுங்கோது, அண்ணை."

"ரூபனுக்கும் வெறுங்கோதுதான்."

கோதை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். ஆனால் எறிய முடியவில்லை. பட்டறையில் கோது எங்கே என்று க்ளென் சில நாட்களில் கேட்பார். எடுத்துக் காட்டினால் முகம் மலரும். வீட்டில் வைத்தால் அண்ணைக்கு நித்திரை வராது. ஆகையால் அது எங்கேயும் தங்குவதில்லை. காலையில் என் சோற்றுப் பெட்டிக்கு அடியில், துணியில் சுற்றி, டண்டினோங்கிலிருந்து நகரத்தின் மறு அந்தத்துக்குப் போகிறது. மாலையில் அதே வழியால் திரும்பி வந்து, வீட்டுக்குள் வராமல், வெளியே குப்பைவாளிக்குப் பின்னால் ஒரு செங்கலுக்குக் கீழே படுக்கிறது. விசாவைப் பற்றி இன்னும் ஒரு செய்தியும் இல்லை. மரிபனொங் ஆற்றுப் பாலத்தில் ரயில் ஏறும்போதெல்லாம் கை தானாகப் பையைத் தடவுகிறது. கீழே நல்ல ஆழமான தண்ணீர். ஆனால் இந்த ஊர் ரயில்களில் யன்னல் திறக்க முடியாது.