டேங்க் நிரம்பியபோது

அந்தப் பகுதியில் பாதிப் பேருக்கு அவள் பெயரே தெரியாது. ‘மெக்கானிக்கம்மா’ என்றால்தான் தெரியும். பெட்ரோல் குழாய் விவகாரம் என்றால் மற்ற பட்டறைக்காரர்களே காரை அவளிடம் அனுப்பிவைப்பார்கள். ரப்பர் குழாயை விரலால் வளைத்துப் பார்த்தே, இது தாங்கும், இது கழுத்தறுக்கும் என்று சொல்லிவிடுவாள்.

ஆனால், புகுந்த வீட்டு வாசலில் நின்ற மாமனாரின் பழைய காரை மட்டும் அவள் தொட்டதில்லை. தொட விட்டதில்லை என்பதுதான் சரி.

“வெளியில நீ மெக்கானிக், வீட்டுல மருமக. ரெண்டையும் போட்டுக் குழப்பாதம்மா” என்பார் மாமனார். மாமியார் அதற்கும் ஒருபடி மேல். இவள் படியேறும்போதே மூக்கைப் பொத்திக்கொள்வாள். “வந்துட்டா பெட்ரோல் பங்க்! நேரா போய்க் குளி.”

நாத்தனாருக்குப் பெண் குழந்தை பிறந்தது. தூரத்து நகர மருத்துவமனையிலிருந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துவர வேண்டும். காரிலோ சில நாட்களாகப் பெட்ரோல் வாடை. வழக்கமான மெக்கானிக்கிடம் போனால், “வீட்டுலயே ஆளை வச்சுக்கிட்டு என்கிட்ட வர்றீங்களே சார்!” என்று சிரித்துவிட்டார். மாமனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு மருமகளிடம் சாவியை நீட்டினார்.

“பச்சப் புள்ள வரப்போற வண்டிம்மா. பாத்துப் பண்ணு.”

எத்தனையோ சாவிகளை வாங்கியவள், இதை இரு கையாலும் வாங்கிக்கொண்டாள். இது மட்டும் சரியாக முடிந்துவிட்டால்! இந்த வீட்டில் தலைநிமிர்ந்து நடக்க அவளுக்கு வேறொன்றும் வேண்டாம்.

பேட்டரி ஒயரைக் கழற்றினாள். டேங்கிலிருந்த பெட்ரோலைக் கேனில் வடித்தாள். அடியில் படுத்துப் பழைய குழாய்களை உருவினாள். வளைத்தபோது வெடித்த உதடுபோல் விரிசல் விட்டன. இன்ஜின் பக்கமும் டேங்க் பக்கமும் புதுக் குழாய், புதுக் கிளிப். கொஞ்சம் பெட்ரோல் ஊற்றி, வண்டியை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் துணியால் ஒற்றிப் பார்த்தாள். ஈரமே இல்லை. மனம் நிறைந்து குளிக்கப் போனாள்.

அதற்குள் மாமனார், நெடும்பயணமாயிற்றே என்று, டேங்கைத் தளும்பத் தளும்ப நிரப்பிக்கொண்டு வந்துவிட்டார்.

பையோடு வாசலுக்கு வந்த மாமியார், அங்கே நின்ற மருமகளைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். “ஏன்டி, குளிச்சியா இல்லையா? இப்படி நாறுதே!”

“தலைக்கே குளிச்சுட்டேன் அத்தை.”

மாமியார் அவள் கையைத் தூக்கி முகர்ந்தாள். “சோப்பு வாசம்தான் வருது. அப்புறம்...”

இருவரும் காரைப் பார்த்தார்கள். பின்சக்கரத்தின் அருகே சொட்டுச் சொட்டாக ஒழுகிக்கொண்டிருந்தது.

மாமனார் தலையில் கைவைத்தார். “நான் அப்பவே நினைச்சேன்! டாக்ஸி சொல்லிடறேன்.”

அவள் குனிந்து பார்த்தாள். பெட்ரோல் ஊற்றும் வாயிலிருந்து டேங்குக்கு இறங்கும் தடித்த குழாயில் விரிசல். டேங்க் நிரம்பினால்தான் பெட்ரோல் அதுவரை ஏறும். கண்களில் நீர் முட்டியது. பழைய வண்டி என்று பழியைத் தள்ளிவிடலாம். அவளால் முடியவில்லை.

“என் தப்புதான் மாமா. இந்தக் குழாயைப் பாக்காம விட்டுட்டேன். டேங்கை நிரப்பிச் சோதிச்சிருக்கணும். வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. மாத்திடறேன்.”

மாமனார் போனை எடுத்தார். மாமியார் பையைத் தொப்பென்று கீழே போட்டாள்.

“டாக்ஸியில எந்தக் குழாய் ஒழுகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா? என் தப்புன்னு வாய்விட்டுச் சொல்ற மெக்கானிக்கை இத்தன வயசுல எங்கயாவது பாத்திருக்கீங்களா? போனை உள்ள வைங்க. நீ போடி, வேலையப் பாரு.”

அந்த ‘போடி’யைக் கேட்டு அவள் உடம்பு சிலிர்த்தது. மண்ணைக் கொட்டிச் சிந்தியதை மூடினாள். மறுபடி அழுக்குச் சட்டை, மறுபடி கார் அடியில். நிரம்பிய பெட்ரோலை மறுபடி கேன்களில் வடித்தாள். அந்தக் குழாயும் புதிதாயிற்று.

இம்முறை கொஞ்சம் பெட்ரோலை மட்டும் ஊற்றி அவளே பங்குக்கு ஓட்டினாள். பக்கத்தில் மாமியார், பின்னால் மாமனார். டேங்க் விளிம்புவரை நிரம்பியது. மாமியார் முழங்கால் வலியோடு இறங்கி, பின்சக்கரத்தருகே குனிந்து முகர்ந்து பார்த்தாள். மருமகளும் அடியில் கைவிட்டுத் தடவிக்கொண்டிருந்தாள்.

பின்னால் நின்ற காரிலிருந்து ஹாரன் அலறியது.

மாமியார் இடுப்பில் கைவைத்து நிமிர்ந்தாள். “என்னப்பா அவசரம்? என் மருமக போட்ட குழாய் இது! அவ பாத்து முடிச்சாதான் வண்டி நகரும். இதுல என் பேத்தி வரப்போறா!”

ஹாரன் அடங்கியது. மருமகள் நிமிர்ந்து, காய்ந்த உள்ளங்கையைக் காட்டினாள். கன்னம்தான் நனைந்திருந்தது.

“அப்ப இனிமே நான் ஓட்டட்டுமா?” என்றார் மாமனார்.

“நீங்க பின்னாடியே இருங்க” என்றாள் மாமியார். “அவ ஓட்டட்டும். ஆஸ்பத்திரி வாசல்ல அவதான் வண்டிய நிறுத்தணும்.”