நான் முறுக்கிய நட்டு

உலக யுத்தம் முடிந்த மறு வருஷம். என் பழைய காருக்குச் சக்கரம் மாட்டியபோது, ஸ்பேனர் பிடியில் இரும்புக் குழாயைச் செருகி, முழு பலத்தோடு நட்டுகளை முறுக்கினேன். எவ்வளவு இறுக்குகிறோமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பு.

மறுநாள் மதியம் மனைவிக்குப் பிரசவ வலி. ஸ்ரீவைகுண்டத்திலிருந்து தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்குப் பாதி தூரம் வந்திருப்போம், கார் குலுங்கியது. இறங்கிப் பார்த்தேன். நட்டுகளோடு மூன்று போல்ட் முறிந்து, சக்கரம் கழலும் நிலையில் நின்றது. பின்சீட்டில் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வெகுநேரம் கழித்து ஓர் உப்பு லாரி வந்தது. டிரைவர் குனிந்து பார்த்தார்.

"எந்தப் பய இப்படி முறுக்குனான், அண்ணாச்சி?"

"ஒர்க்‌ஷாப்காரன்" என்றேன்.

முந்தின நாள் நான் முறுக்கியதைப் பார்த்திருந்த மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

அவளை லாரியின் முன்சீட்டில் ஏற்றி, பள்ளம் பார்த்து ஓட்டினார். "அவன இனி வண்டியத் தொட விடாதீய. முறுக்க அளந்து காட்டுற முள்ளு வச்ச ஸ்பேனர், பட்டாளத்துச் சாமான் விக்கிற கடையில கெடைக்கும். கைய எடுத்ததும் முள்ளு சைபருக்குத் திரும்புதான்னு பாத்து வாங்குங்க."

சாயங்காலம் மகள் பிறந்தாள். அந்த வாரமே, முள் சரியாகத் திரும்பும் ஸ்பேனராகப் பார்த்து வாங்கி வந்தேன்.

"ஒர்க்‌ஷாப்காரன்ட்ட சொல்லியாச்சா?" என்றாள் மனைவி.

"சொல்லியாச்சு" என்றேன், தலை நிமிராமல்.

லாரிக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொல்ல எனக்கு வாய்க்கவேயில்லை.