குழிக்குள்ள ஆள் இருக்கு

ரைஸ்மில்லில் ரிப்பேர் பார்க்கிறவனுக்கு மெஷினைக் கழற்றுவது பெரிய விஷயமில்லை. உள்ளே ஆள் இருக்கிறான் என்று சுவிட்ச் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லிச் சேர்ப்பதுதான் பெரிய விஷயம். விழுப்புரம் பக்கம் ஒரு மில்லில் நான் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். உங்கள் வேலையிடத்திலும் போனில் ஒரு குரூப் இருக்குமே? அப்படியானால் என் பேஜாரு உங்களுக்குப் புரியும்.

இனிமே நடக்க வேண்டாம்

எங்கள் முதலாளி திண்டிவனத்தில் உள்ள தன் இன்னொரு மில்லில் இருப்பார். ஒருநாள் ரெண்டு மில் ஆட்களையும் ஒரே குரூப்பில் சேர்த்துவிட்டார். நெல்லை மேலே தூக்குகிற எலிவேட்டருக்குக் கீழே ஒரு குழி உண்டு. அதில் ஆள் இறங்குமுன் நான் சுவிட்ச் ரூமுக்கு நடந்துபோய் ஆபரேட்டர் ஏழுமலையிடம் சொல்லிவிட்டு வருவேன். இனிமேல் நடக்க வேண்டாம், குரூப்பில் போட்டால் போதும் என்றார் முதலாளி. எனக்கோ முட்டிவலி. சந்தோஷமாகத் தலையாட்டினேன். குழியில் இறங்குகிற ஃபிட்டர் தேவராஜ்தான் கேட்டார்: "ஏழுமலை அண்ணன் போனைப் பார்த்தாரா இல்லையான்னு, குழிக்குள்ள இருந்துக்கினு எனக்கு எப்படி சார் தெரியும்?"

லீவு

லீவையும் குரூப்பில்தான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஆப்சென்ட். களத்தில் நெல் காய வைக்கும் பாக்கியம்மாவிடம் பட்டன் போன்தான். ஒருநாள் காலையில் கோலியனூரிலிருந்து ஜுரத்தோடு வந்து நின்றார். உடம்பு கொதித்தது. "ஏம்மா இந்த நிலைமையில வந்தீங்க?" என்று கத்திவிட்டேன். அவர் சொன்னார்: "இன்னிக்கு வரலைன்னு சொல்றதுக்குத்தான் சார் வந்தேன். சொல்லிட்டேன், போறேன்."

பிறந்தநாள்

அன்றைக்கு முதலாளியின் பிறந்தநாள். காலை பத்து மணிக்கு தேவராஜ், "எலிவேட்டர் குழியில இறங்குறேன், மோட்டார் போடாதீங்க" என்று குரூப்பில் போட்டார். அடுத்த நிமிஷமே முதலாளியின் மச்சான் வாழ்த்து போட்டார். அப்புறம் யார் சும்மா இருக்க முடியும், சொல்லுங்கள்? பூங்கொத்து, மாலை, மத்தாப்பு என்று கொட்டியது. நான் ஆபீஸ் ரூமில் உட்கார்ந்து நல்ல கேக் படமாகத் தேடிக்கொண்டிருந்தேன். பெரிய படமாகவே போட்டேன்.

வேக வைத்த நெல் காய்ந்து தயாரானதும் ஏழுமலை போனை எடுத்துப் பார்த்தார். வாழ்த்தாக இருந்தது. தானும் ஒன்று போட்டுவிட்டு மோட்டாரைப் போட்டார். தேவராஜுக்கு வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. ஏழுமலை சுவிட்ச் ரூம் தரையில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு தடவை மேல தள்ளிப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும் சார். எல்லாரும் போடுறாங்களேன்னு நானும் போட்டேன் சார்."

அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. தேவராஜின் சேதியை மறைத்தவற்றில் என் கேக்கும் இருந்தது.

ஆஸ்பத்திரியில்

"சீக்கிரம் குணமாகட்டும்" என்று முதலாளி குரூப்பில் போட்டார். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். எனக்கு முகம் காட்ட வெட்கம். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். தேவராஜ் கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் தேவலை. "எல்லாரும் கும்பிட்டிருந்தீங்க, பார்த்தேன் சார். யாராச்சும் வருவீங்கன்னு மூணு நாளா கதவையே பார்த்துக்கினு இருந்தேன்."

விலகினால் முதலாளி கோபித்துக்கொள்வார் என்பதால் குரூப்பில் இன்னும் இருக்கிறேன். குழியில் ஆள் இறங்கினால் மட்டும், முட்டி வலிக்க வலிக்க நடந்துபோய் ஏழுமலையின் முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறேன்.