சாவித்தலை நட்டு

நான் வேலை பழகிய நத்தம் சாலைப் பட்டறையில் அந்தப் பூ வியாபாரியைப் பார்த்தேன். நரைத்த மீசை, மோட்டார் சைக்கிளில் மல்லிகைக் கூடை. வலக்கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மட்டுமே இருந்தன. அதனால் பின்பிரேக் கம்பியைப் பூட்டும் நட்டின் மேல் ஒரு பழைய பூட்டுச் சாவியின் தலையைப் பற்றவைத்திருந்தார். வழியில் பஞ்சராகிச் சக்கரத்தைக் கழற்றினாலும், அந்த நட்டை ஸ்பானரே இல்லாமல் இரண்டு விரலால் திருகிவிடுவார்.

“கம்பெனி நட்டு போட்டாத்தான் சக்கரத்த மாட்டுவேன், ஐயா” என்றார், பஞ்சர் ஒட்டி முடித்த மெக்கானிக்.

பெரியவர் அங்கிருந்த புது நட்டையும் ஸ்பானரையும் எடுத்து அவரிடம் நீட்டினார். “ஏலே அப்பு, மூணு வெரல மடக்கிக்கிட்டு இதப் பூட்டிக் காட்டு. நீ பூட்டிட்டா வண்டிய இங்கனயே போட்டுட்டு நடந்து போறேன்.”

மெக்கானிக் முயன்றார். ஸ்பானர் நழுவி நழுவிப் புழுதியில் விழுந்தது. பெரியவர் தாமே சக்கரத்தை மாட்டி, சாவித்தலையைத் திருகிவிட்டு, யாரையும் பார்க்காமல் வண்டியை உதைத்துக் கிளம்பினார்.

இன்றும் ஸ்பானரைத் தொட்டால் என் மூன்று விரல்கள் தாமாக மடங்குகின்றன.