வெள்ளைப் பக்கத்துக்கு ஆக்கிய நார்சா

இல்லாததை இல்லை என்று ஒழுங்காகச் சொல்வதற்குச் சம்பளம் வாங்கும் தொழில் எனது. ஜாவாவில் இணையச் செயலி எழுதிக் கண்ணும் முதுகும் போன சக பாவிகளுக்கு இது புரியும். மற்றவர்கள் என் வீட்டாரைப் போலத் தலையாட்டிக்கொண்டே படிக்கலாம்.

கல்முனையில் ஒரு சிறிய லெப், இரத்தப் பரிசோதனைக் கூடம். இரத்தம் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் வீட்டிலிருந்தே போனில் ரிப்போட் இலக்கத்தை அடித்து முடிவைப் பார்க்கலாம். யாரோ எழுதிவிட்டுப் போன அந்தச் செயலியை நானும் காரைதீவு நண்பன் சிவாவும் பொறுப்பெடுத்த புதிதில் நடந்தவை இவை.

கவுண்டருக்கு வந்த பார்சல்

வரிப்பத்தான்சேனை ஹனிபாக் காக்கா வயல்காரர். மனைவிக்குக் கால் வீங்கியதால் கிட்னிப் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்திருந்தார்கள். போனில் இலக்கத்தை அடித்தார். வெள்ளைப் பக்கம் வந்தது. மனிதருக்குச் சந்தோசம் தாங்கவில்லை. நேர்ந்திருந்தபடி மாடறுத்து, நார்சா என்ற நேர்ச்சைச் சோறு ஆக்கி ஊருக்குக் கொடுத்தார். மட்டக்களப்பு டொக்டரிடம் போகப் பேசிவைத்திருந்த வேனையும் வேண்டாம் என்றார். லெப்காரரை மட்டும் விடுவதா என்று ஒரு பார்சலோடு கல்முனைக்கும் வந்துவிட்டார்.

கவுண்டரில் இருந்த பஸ்மிலா, ‘எதற்கு இந்தச் சோறு’ என்று கேட்டு, மனைவியின் பெயரைப் போட்டுத் தேடினாள். ரிப்போட் இருந்தது, நல்லதாக இல்லை. காக்கா இலக்கத்தில் ஒரு பூச்சியத்தை விட்டிருந்தார். வேனைத் திரும்பக் கூப்பிட்டு, அன்றைக்கே அவர்களை மட்டக்களப்புக்கு அனுப்பிவைத்தோம். புறப்படும் அவசரத்திலும், வெறும் பக்கத்தைப் பார்த்ததும் ஏன் கேட்கவில்லை என்று நான் கேட்டுவிட்டேன். அவர் சொன்னார்:

“வருத்தமிருந்தா எழுதியிருப்பானுகள்தானே மகன். ஒண்டும் எழுதாத கடதாசிய வேற எப்பிடி நினைக்கிற?”

நல்ல பிள்ளை 200

நானும் சிவாவும் நிரலைத் திறந்தோம். கேட்ட ரிப்போட் கிடைக்காவிட்டால் அது பிழை எதையும் எழுப்பாது. வெறும் பக்கத்தோடு 200 என்ற இலக்கத்தை அனுப்பிவைக்கும். எங்கள் தொழிலில் 200 என்றால் ‘கேட்டது கிடைத்தது, எல்லாம் சுகம்’. எனக்கு வந்த கோபத்தில் விசைப்பலகை தப்பியது பெரிய காரியம். சிவா அமைதியாகத் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

“மச்சான், இவன் பொய் சொல்லல்ல. வாயத் திறக்காமச் சிரிச்சிட்டு நிண்டிருக்கான்.”

நானூற்று நாலு

உடனே திருத்தினோம். ரிப்போட் இல்லையென்றால் ஜாவா எக்செப்சன் எறியும், அதாவது பிழை என்று கத்தும். கண்டுபிடிக்கவில்லை என்பதற்கான 404 போகும். அந்த இலக்கத்தைப் பக்கத்தின் நடுவில் சிவப்பில், பெரிதாகப் போட்டேன். எனக்கே அழகாகத் தெரிந்தது.

மறுநாள் காரைதீவிலிருந்து ஒரு டீச்சர், கணவரின் தோளைப் பிடித்தபடி லெப்புக்கு வந்தார். சீனி அளவு பார்க்க இரத்தம் கொடுத்திருந்த டீச்சர், ரிப்போட் தயாராகும் முன்பே போனில் பார்த்திருக்கிறார். பயத்தில் காலையில் தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. உண்மையான முடிவு வந்தபோது சீனி அளவாகத்தான் இருந்தது. பஸ்மிலா தண்ணீர் கொடுக்க, டீச்சர் மூச்சு விட்டபடி சொன்னார்:

“நானூத்தி நாலு சீனியோட மனிசர் நடந்து வர ஏலுமா பிள்ள? அதையும் யோசிச்சிட்டுத்தான் நடந்து வந்தன்.”

முதலாளியின் கேள்வி

404 ஐப் பிரவுசருக்கு மட்டும் அனுப்பிவிட்டு, பக்கத்தில் மனிதருக்கு விளங்கும் வார்த்தை போடுவோம் என்று முடிவெடுத்தோம். வசனத்தைப் பஸ்மிலா சொன்னாள், நான் தட்டினேன்: ‘இந்த இலக்கத்தில் ரிப்போட் இல்லை. உங்களுக்கு நோய் இல்லை என்று இதற்கு அர்த்தம் அல்ல. இலக்கத்தைச் சரிபாருங்கள், அல்லது எங்களுக்குக் கோல் எடுங்கள்.’

லெப் முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கடை திறந்துவைத்துக்கொண்டு சாமான் இல்லை என்று போர்டு மாட்டலாமா என்பது அவர் கவலை. பஸ்மிலா ஹனிபாக் காக்காவின் கதையை முழுதாகச் சொன்ன பிறகுதான் தலையசைத்தார். ஆனாலும் போகும்போது என்னிடம் கேட்டார்:

“இல்லண்டு சொல்றத்துக்கா தம்பி ஒங்களுக்குச் சம்பளம் தாறன்?”

இரண்டாவது பார்சல்

சில மாதம் கழித்து ஹனிபாக் காக்கா வந்தார், கையில் மறுபடியும் பார்சல். நல்ல நேரத்தில் கொண்டுவந்தீர்கள் என்று டொக்டர் சொன்னாராம். மருந்தில் வீக்கம் வற்றி, இந்தச் சோற்றை மனைவியே ஆக்கினாராம். அல்ஹம்துலில்லாஹ். முதல் முறை அவர் நன்றி சொல்ல வராவிட்டால் எங்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அந்த ஊர்க்காரரின் கொடுக்கும் பழக்கத்துக்கும், சோற்றை வாங்கி வைத்துவிட்டுச் சும்மா இருக்காத பஸ்மிலாவுக்கும் நான் கடைசிவரை நன்றியுள்ளவன்.

மனைவியின் புது ரிப்போட்டுக்கும் காக்கா இலக்கத்தைப் பிழையாகத்தான் அடித்திருக்கிறார். ஆனால் இந்த முறை கோல் எடுத்துக் கேட்டிருக்கிறார். பார்சலை என் கையில் வைத்துச் சொன்னார்:

“இந்தத் தரம் இல்லண்டு முகத்துக்கு நேர சொல்லிட்டானுகள் மகன். அதுக்கும் ஒரு பார்சல் தரத்தானே வேணும்.”

‘இல்லை’ என்று சொன்னவனுக்கு இறைச்சிச் சோறு கிடைக்கும் என்று எந்த ஜாவாப் புத்தகத்திலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன்: 404.