மிராசுதார் வண்டியில் குத்தகை வக்கீல்

வக்கீல் தொழிலில் வாதாடுவதைவிட நேரத்துக்குப் போய்ச் சேர்வது முக்கியம். பழைய இங்கிலீஷ் கார் வைத்திருக்கும் சக பாவிகளுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

என் காரைக் கீழ்வேளூர்ப் பக்கத்து மிராசுதார் ஒருவரிடம் வாங்கினேன். நில உச்சவரம்பு, கூலிப் போராட்டம், ஒரு தெருவில் கறுப்பு சிவப்புக் கொடி, அடுத்த தெருவில் சிவப்புக் கொடி என்று இருந்த காலம். அவர் ஜீப்புக்கு மாறிவிட்டார். கொஞ்ச நாளில் அவருடைய குத்தகைக்காரர் வீரையன் என்னைத் தேடி வந்தார். சாகுபடி செய்கிறவர் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவுசெய்யச் சட்டம் வந்திருந்தது. மிராசுதாரோ, 'அவன் என் பண்ணையாள், குத்தகைக்காரன் இல்லை' என்று மனுப் போட்டிருந்தார். பெயர் பதிவாகாவிட்டால், வீரையன் நட்டு வளர்த்த சம்பாவை மிராசுதாரின் ஆட்கள் அறுத்துக்கொண்டு போவார்கள். வழக்கை எடுத்துக்கொண்டேன். எதிராளியின் பழைய காரிலேயே எதிராளிமேல் படையெடுப்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

பேட்டரி

புது பேட்டரி மாட்டுவதற்காகக் கடைத்தெருவில் பானெட்டைத் திறந்தேன். பிளஸ் ஒயர் காரின் உடம்போடு சேர்ந்திருந்தது. நான் கல்லூரியில் பௌதிகம் படித்தவன். யாரோ விவரம் தெரியாதவன் மாட்டியிருக்கிறான் என்று மாற்றி மாட்டினேன். அந்தக் காலத்து இங்கிலீஷ் கார்களில் பிளஸ்தான் உடம்புக்குப் போகும் என்பது, டைனமோ புகைந்து ஒயர்கள் கருகிய பிறகு தெரிந்தது.

கூட்டம் கூடிவிட்டது. ஜீப்பில் வந்த மிராசுதார் நிறுத்தி, புகையையும் என்னையும் நிதானமாகப் பார்த்தார். "எங்களத்தான் சட்டத்த வச்சுத் தலைகீழாப் புரட்டுறீங்க. வண்டியையுமா வக்கீல் சார்?"

மஞ்சள்

ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போட்டால் அடைத்துக்கொள்ளும் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். எவ்வளவு என்று கேட்க எனக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. சமையலறை டப்பாவை அப்படியே கவிழ்த்தேன்.

வீரையனின் தெருமுனையில் வண்டி கொதித்தது. மூடியைத் திறந்ததும் மஞ்சள் தண்ணீர் பீறிட்டு என் வெள்ளைச் சட்டை, பேண்ட், பாதையோரத்து ஆடு எல்லாவற்றையும் நனைத்தது. சாட்சிகளைப் பற்றிப் பேச வந்தவன், ஒரு மணி நேரம் சட்டையைப் பிழிந்துகொண்டு நின்றேன். வீரையனின் மனைவி அஞ்சம்மாள் குடத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டார்: "வண்டிக்குச் சடங்கா வக்கீலய்யா? முன்னாடியே சொல்லியிருந்தா சீர் கொண்டாந்திருப்பமே."

ஹாரன்

கருகிய ஒயர்களை நானே மாற்றினேன். ஹாரன் நன்றாக வேலை செய்தது. ஒரு நாள் அலறலை நிறுத்தவும் மறுத்தது.

அன்றுதான் சாட்சி சொல்ல இசைந்தவர்கள் மதகருகே எனக்காகக் காத்திருந்தார்கள். வீரையன் நடவு செய்ததையும், குத்தகை நெல்லை அளந்ததையும் கண்ணால் பார்த்தவர்கள். ஹாரன் அலற அலற வாய்க்கால் கரையில் திரும்பினேன். வெகுநாள் அந்தச் சத்தத்துக்கு வழிவிட்டுப் பழகியவர்கள் அவர்கள். நான் பார்த்தபோது பாதையில் ஒருவரும் இல்லை. எல்லோரும் சேற்றில், பயிருக்குள் நின்றார்கள். தோளில் இருந்த துண்டுகள் இடுப்புக்குப் போயிருந்தன. ஒயரைப் பிடுங்கி எறிந்தேன். சத்தம் நின்ற பிறகும் அவர்கள் மேலே ஏறவில்லை. என் முகத்தைப் பார்த்து அடையாளம் தெரிந்ததும், ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தபடி வரப்பில் ஏறி வேறு பக்கமாகப் போய்விட்டார்கள். இரண்டு பேர்தான் மிஞ்சினார்கள்.

வீரையனும் அந்தச் சேற்றில் நின்றிருந்தார். என்ன பேசுவதென்று தெரியாமல், ஏன் ஓடினீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "ஓடலீங்க ஐயா. காலு தானா எறங்கிட்டு."

தள்ளல்

விசாரணை நாகப்பட்டினத்தில், தாசில்தார் ஆபீசில். பஸ்ஸில் போகலாம் என்று வீரையன் சொன்னார். நான்தான் கேட்கவில்லை, முதல்நாள் கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்திருந்தேன். ஊருக்குள் நுழைந்ததும் வண்டி நின்றது. வீரையனும் இரண்டு சாட்சிகளும் தள்ளினார்கள். ஸ்டியரிங்கை யாராவது பிடிக்க வேண்டுமே, நான் உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

ஆபீஸ் வாசலில் எதிர்த்தரப்பு வக்கீல் நின்றிருந்தார். எல்லோருக்கும் கேட்கும்படி, "பண்ணை வண்டியப் பண்ணையாளுங்க தள்ளுறாங்க. இதவிட எங்களுக்கு என்ன சாட்சி வேணும்?" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. வீரையன் கையைத் துண்டில் துடைத்தபடி அவரைப் பார்த்தார். "தள்ளுனது எங்க வக்கீல் வண்டிங்க. உங்காளுதான் வித்துட்டாரே."

சாட்சிகள் பதறாமல் பேசினார்கள். எந்த வயல், எந்த மடை, எந்தக் களத்தில் அளந்தது என்று சொன்னார்கள். ரேகை வைக்க வந்தபோது, இருவர் கட்டைவிரலிலும் என் காரின் கிரீஸ் இருந்தது. குமாஸ்தா மைப்பெட்டியை மூடி, மண்ணெண்ணெயும் துணியும் வரவழைத்துத் துடைக்கச் சொன்னார். குத்தகைதாரர் வீரையன் என்று பதிவானது.

வெளியே வந்து, அவசரமாகப் பானெட்டைத் திறந்து எதையோ முறுக்கினேன். வண்டி உறுமிக் கிளம்பியது. பெருமையாகப் பின்கதவைத் திறந்துவிட்டேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வீரையன் கும்பிட்டுச் சொன்னார்: "மன்னிச்சுக்குங்க ஐயா, நாங்க பஸ்ல போயிர்றோம். நாளைக்கு அறுப்பு."

அந்தக் காரில் நான் கை வைக்காததால் கடைசிவரை கெடாமல் இருந்தது, வீரையன் தோள் கொடுத்துத் தள்ளிய பின்பக்கம் ஒன்றுதான்.